வெண்டல் டக்கெட்டைப் பற்றிய பாட்டு

எங்கள் ஹிக்கரி ஃபோர்க் பக்கத்தில் வெண்டல் டக்கெட்டைத் தெரியாதவர் கிடையாது. அதற்குக் காரணம் இரண்டு. மலையடிவாரத்து வீடுகளில் பாதிக்கு மேல் குழாயில் வருகிற தண்ணீர், அவரோ அவருடைய அப்பாவோ போட்ட போர்க்கிணற்றுத் தண்ணீர். அது முதல் காரணம். இரண்டாவது, அந்தப் பாட்டு.

ஊருக்கெல்லாம் ஊத்தெடுத்தான் என் ஆளு,
என் தாகம் மட்டும் தெரியலயே ஒரு நாளு

என்று தொடங்கும். டென்னஸி மாநிலத்தின் இந்தக் கோடியில் கல்யாண வீட்டில் நாலு பேர் கிட்டாரோடு உட்கார்ந்தால் மூன்றாவது பாட்டு அதுதான். உயர்நிலைப் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு அதைக் கால்பந்தாட்ட இடைவேளையில் ஊதியிருக்கிறது. போர் லாரியோடு வெண்டல் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தால் வீட்டுக்காரர் வாய்க்குள் அதை முனகிக்கொண்டேதான் வாசலுக்கு வருவார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வெண்டலும் பாதிச் சிரிப்பு சிரித்துவிட்டுப் பாறையின் ஆழத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பாடியவள் ரெட்டா ஸ்டாம்பர், அவருடைய முதல் மனைவி. எழுதியதும் அவளே. அவள் பெயர் இன்று ஏழெட்டு மாநிலங்களில் தெரியும். அன்று, இருபத்திரண்டு வயதில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டபோது, தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பாடிக்கொண்டிருந்த ஒரு சின்னக் குழு அவர்களுடையது. ரெட்டா பாட்டும் கிட்டாரும், வெண்டல் பேஸ் கிட்டார், ஹாலிஸ் என்ற கூட்டாளி டிரம்ஸ். மற்ற நாட்களில் வெண்டல் அப்பா க்ளைடோடு போர் போடப் போவார். க்ளைட் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் ஆறு இயந்திரத்தோடு.

இருபத்தாறு வயதில், ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் உட்கார்ந்து ரெட்டா அந்தப் பாட்டை முதன்முதலாகப் பாடிக் காட்டினாள். தண்ணீர் கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருக்கும் ஒரு மனிதன். தட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னலோரம் காத்திருக்கும் ஒருத்தி. அவன் வருகிறான், உட்காருகிறான், 'தட்டை நிமித்துனான், தலையை நிமித்தல.' கேட்கக் கேட்க வெண்டலுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. அவருடைய அம்மா இறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மூடி வைத்த தட்டு, ஜன்னல், தலை நிமிராத அப்பா, எல்லாமே அவர் சிறுவனாக இருந்தபோது கண்ணால் பார்த்தவை. 'எங்கம்மா பட்டதையெல்லாம் இவள் எப்படி இவ்வளவு சரியாகப் பிடித்தாள்?' என்று வியந்தார்.

"இது நெஜம், ரெட்டா," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு வார்த்தை மாத்தாத."

பிறகு பேஸ் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு தொடக்கம் போட்டுக் கொடுத்தார். நாலு சுரம் இறங்கி, ஒரு மூச்சு நின்று, மறுபடி இறங்குகிற நடை. ரெட்டா வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேஸ் பிடித்துவிட்டது என்று வெண்டல் நினைத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பாவோடு லாரி ஏறிப் போனார், வழக்கம்போல.

அக்டோபரில் அவள் இரண்டு பெட்டியும் கிட்டாருமாகக் கிளம்பினாள். "ஏன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ," என்று வாசலில் நின்று கேட்டார். "சொல்ல வேண்டியத பாட்டுலயே சொல்லிட்டேனே," என்றாள். பாட்டுக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவரும் விட்டுவிட்டார்.

அடுத்த வசந்தத்தில் அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தது. வெண்டல் டயர் கடையில் நின்றிருந்தார். கடைக்காரன் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டி, "உன் பாட்டு ஓடுதுப்பா," என்றான்.

"என் பாட்டு இல்ல. அது எங்கப்பாவைப் பத்தினது."

கடைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டயர் மாட்டிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். வெண்டலும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார். லாரியில் ஏறி வீடு வரும் வழியில்தான் ஒவ்வொரு வரியாக உறைத்தது. ஜன்னலோரம் இருந்தது அம்மா இல்லை.

அப்புறம் அவர் மேடை ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் சர்ச்சில் கீதங்களுக்கு மட்டும் பேஸ் வாசிப்பார். நாற்பது வயதுக்கு அருகில் கார்லீனைக் கல்யாணம் செய்துகொண்டார். கார்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் குரல் எழுப்பிப் பழகியவள். வீட்டிலும் அதே குரல்தான். அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று புரியவே தனக்கு ஒரு வருடம் பிடித்தது என்பதை மட்டும் வெண்டல் அவளிடமும் சொன்னதில்லை. கொடுமைக்காரன் என்று ஊர் சொல்வதைத் தாங்கிக்கொள்ளலாம், மக்கு என்று சொன்னால் எப்படித் தாங்குவது?

பன்னிரண்டு வருடங்களாக ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை பிரேட்டர் குடும்பத்தின் வைக்கோல் வயலில் இசைவிழா நடக்கிறது. அந்த வயலில் தண்ணீருக்குப் போர் போட்டவர் வெண்டல், ஆகவே விழா நாளில் தண்ணீர்க் குழாய்களும் அவர் பொறுப்பு. ரெட்டா ஒவ்வொரு வருடமும் தன் குழுவோடு வருவாள். டிரம்ஸில் அதே ஹாலிஸ்தான். அந்தப் பாட்டுக்கு முன்னால் ரெட்டா மைக்கில், "இதோட கதாநாயகன் இங்கதான் எங்கயோ குழாய் ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்காரு," என்பாள். கூட்டம் சிரிக்கும். உண்மையிலேயே அந்த நேரம் பார்த்து வெண்டல் வயலின் கடைக்கோடிக் குழாயருகே ஸ்பானரோடு குனிந்திருப்பார்.

போன வருடம் பகல் மூன்று மணிக்கு, பன்றி இறைச்சி சுடும் புகை வயல் முழுக்கப் பரவியிருக்க, ஹாலிஸ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"டேய் வெண்டல், கையைக் கழுவிட்டு வா."

"எதுக்கு?"

"நேட் குளவிக்கூட்டு மேல கையை வெச்சுட்டான். எங்க பேஸ்காரன். விரல் ஒவ்வொண்ணும் சாஸேஜ் மாதிரி வீங்கிக் கெடக்கு. நாப்பது நிமிஷத்துல மேடை ஏறணும்."

"இந்த வயல்ல ஒரு கல்லை விட்டெறிஞ்சா நாலு பேஸ்காரன் மேல பட்டுத் தெறிக்கும். வேற யாரையாவது கூப்பிடு."

"எறிஞ்சு பாத்துட்டுத்தான் வரேன். ஒருத்தன் இப்ப மேடையில நிக்கிறான். ஒருத்தன் காலையிலயே குடிச்சிட்டு வேன்ல மல்லாந்துட்டான். இன்னொருத்தனுக்கு ரெட்டா பாட்டுல ஒரே ஒரு பாட்டுதான் வாசிக்கத் தெரியுமாம்."

"எது?"

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எதுன்னு நெனைக்கிற?"

வெண்டல் ஸ்பானரைக் கையில் உருட்டிக்கொண்டே, "அவ அனுப்பிச்சாளா?" என்றார்.

"அவளுக்குத் தெரியாது. கேட்டா வேண்டாம்னுடுவா. அதான் கேக்கல."

"நானும் வேண்டாங்கிறேன். குழாயை வேற பாக்கணும்."

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இனிப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த கார்லீன் டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்தக் குழாய்க்கு என்ன கேடு? பதினோரு வருஷமா அவ பாட ஆரம்பிச்சா நீ அதைக் கழட்டி மாட்டுற. அது ஒருநாளும் ஒழுகுனதே இல்ல."

"கார்லீன்..."

"நான் பேசறேன், நீ கேளு. நீ மளிகைக் கடைக்குப் போனா அந்தப் பாட்டு. நாம ரெண்டு பேரும் சாப்பிடப் போனா அந்தப் பாட்டு. எங்க சித்தி மக கல்யாணத்துல உன் பக்கத்துல நான் உக்காந்திருக்கேன், எல்லாரும் என்னைப் பாவமா பாக்கறாங்க. அந்தப் பாட்டுக்குப் பயந்து ஓடறவனோட குடித்தனம் பண்றது எனக்குப் போதும். போய் வாசி. நல்லா வாசி. தப்பா வாசிச்சேன்னா லாரியில ஏத்த மாட்டேன், நடந்து வா."

ஹாலிஸ் அவளுக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை காட்டினான். வெண்டல் சோப்புப் போட்டுக் கை கழுவினார். நகக்கண்ணில் இருந்த கிரீஸ் மட்டும் போகவில்லை.

மேடைக்குப் பின்னால் ரெட்டா நரைத்த பின்னலை முடிந்துகொண்டிருந்தாள். ஹாலிஸ் யாரைக் கூட்டி வருகிறான் என்று பார்த்ததும் அவள் கை நின்றது. கடைசியாக இருவரும் நேருக்கு நேர் பேசியது அப்பா க்ளைட் இறந்தபோது, சர்ச் வாசலில், இரண்டு நிமிடம்.

"உனக்கு இஷ்டமா வெண்டல்? இல்ல இவன் இழுத்துட்டு வந்தானா?"

"இவனும் இழுத்தான். எம் பொண்டாட்டியும் தள்ளினா."

ரெட்டாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அந்தப் பாட்டை மட்டும் பட்டியல்லேர்ந்து அடிச்சுடறேன்."

"அதை அடிச்சா ஜனங்க நம்மள அடிப்பாங்க. இருக்கட்டும். அதோட ஆரம்பம் நான் போட்டதுதானே."

"மறந்திருப்பேன்னு நெனைச்சியா?" என்று கேட்டுவிட்டு அவள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நேட்டின் பேஸ் கிட்டார் அவருடையதைவிடக் கனம். மேடையில் நின்று பார்த்தால் வயல் முழுக்க நாற்காலியும் போர்வையும், அவற்றின் மேல் வெயிலில் சிவந்த முகங்களும். ஃபிடில்காரர் காலால் தாளம் கொடுக்க, முதல் பாட்டு பிடித்துக்கொண்டது. ஸ்டீல் கிட்டார் வாசிக்கிற பெண் அவர் கையைப் பார்த்துத் தலையாட்டினாள். மூன்றாவது பாட்டில் வெண்டல் வேறு சுருதிக்குப் போய்விட்டார். ஹாலிஸ் பின்னாலிருந்து முறைத்த முறைப்பு முதுகில் பட்டது. சர்ச்சில் தப்பினால் ஆண்டவர் மன்னிப்பார், ஹாலிஸ் மன்னிக்க மாட்டான். நாலாவதிலிருந்து விரல்கள் பழைய வழியைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டன. ரெட்டா எங்கே மூச்சு எடுப்பாள், எங்கே கால் சுரம் இழுப்பாள் என்று அந்த விரல்களுக்கு இன்னும் தெரிந்திருந்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் பாட்டின் முறை வந்தது. ரெட்டா வழக்கமான வேடிக்கையைச் சொல்ல மைக்கருகே போனாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு, "இன்னிக்கு பேஸ் வாசிக்கிறது வெண்டல் டக்கெட்," என்று மட்டும் சொன்னாள்.

உடனே எழுந்த கூச்சலில் பிரேட்டர் வீட்டுக் கோழிகள் பறந்திருக்கும். "இப்பவாவது அவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுய்யா!" என்று எவனோ கத்தினான். முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். வெண்டலுக்குக் காது சுட்டது. ஆனாலும் சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்தார். அடங்கியதும் நாலு சுரத்தை இறக்கி, ஒரு மூச்சு நிறுத்தி, மறுபடி இறக்கினார்.

முப்பத்து நாலு வருடமாக அவர் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டதில்லை. இரண்டு வரி காதில் விழுந்தால் எழுந்து போய்விடுவார். ஆகவே அது முழுக்க வசை என்றே அவர் மனதில் படிந்திருந்தது. இப்போது பக்கத்தில் நின்று கேட்கும்போது அதில் வசை குறைவு. மூன்றாவது சரணத்தில் அந்தப் பெண் ஜன்னலிலிருந்து மலைப்பாதையில் இறங்கும் லாரி விளக்குகளை எண்ணுகிறாள். ஒவ்வொன்றும் அவனாக இருக்கும் என்று எழுந்து போய் அடுப்பைப் பற்றவைக்கிறாள், மறுபடி அணைக்கிறாள். அந்தச் சரணத்தை வெண்டல் அடியோடு மறந்திருந்தார். மார்ச் மாதத்துச் சமையலறையில் இதே வரிகளைக் கேட்டு அம்மாவின் முகத்தை நினைத்து அழுதவர், இப்போது வேறு முகத்தைப் பார்த்தார். இருபத்தைந்து வயது ரெட்டா, கையில் தீப்பெட்டி. அவருக்கு ஒரு தாளம் தவறியது. ஹாலிஸ் அதைப் பார்த்தான், இந்தத் தடவை முறைக்கவில்லை.

கடைசிப் பல்லவியை வயலே சேர்ந்து பாடியது. முன்னால் நின்ற ஒரு தடித்த அம்மாள் சிரித்துக்கொண்டே அவரை நோக்கி விரலை நீட்டி நீட்டிப் பாடினாள். வெண்டல் அவளைப் பார்த்து, 'ஆமாம், நான்தான்' என்பதுபோலத் தலையசைத்தார்.

கச்சேரி முடிந்து மற்றவர்கள் வாத்தியங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ரெட்டா ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தாள். வெண்டலுக்கும் இடம் விட்டு நகர்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் வெண்டல். "சிரிக்காத."

"சொல்லு."

"நீ அதைப் பாடிக் காட்டினப்ப அது என்னைப் பத்தின்னு எனக்குத் தெரியல."

ரெட்டா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொல்ற?"

"எங்கப்பனைப் பத்தின்னு நெனைச்சேன். எங்கம்மாவைப் பத்தி. அதான் அழுதேன். நீ போய் அடுத்த வருஷம் டயர் கடையிலதான் தெரிஞ்சுது."

அவள் சிரிக்கவில்லை. "நீ அழுதே வெண்டல். கண்ணைத் தொடச்சுக்கிட்டு நெஜம்னு சொன்னே. ஒரு வார்த்தை மாத்தாதன்னே. அப்பாடா, இவனுக்குப் புரிஞ்சுடுச்சு, இனிமே எல்லாம் சரியாயிடும்னு நெனைச்சேன். மறுநாள் அஞ்சு மணிக்கு எழுந்து லாரியில போயிட்டே. ஒரு மாசம் பாத்தேன். ரெண்டு மாசம் பாத்தேன். அக்டோபர் வரைக்கும் பாத்தேன். புரியாதவனோட காலம் தள்ளலாம். புரிஞ்சு, அழுது, அப்புறமும் மாறாதவனோட எப்படித் தள்றது?"

வெண்டல் நகக்கண்ணில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டினார்.

"தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டியா?" என்றார்.

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "போயிருப்பேன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்து வராது. ஆனா இவ்வளவு கோவமா பாடியிருக்க மாட்டேன்."

"அப்ப பாட்டு ஓடியிருக்காது."

அப்போதுதான் ரெட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது அடங்கவில்லை. "அப்பனைப் பத்தியா! அடப்பாவி!" என்று அவர் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள், கண்ணில் நீர் முட்டியது. வெண்டலும் சிரித்தார். டயர் கடையில் சிரித்த சிரிப்பு இல்லை இது. கிளம்பும்போது, "சாகறதுக்குள்ள இதைக் கேக்கணும்னு இருந்திருக்கு," என்று சொல்லி அவர் கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனாள். அடுத்த கச்சேரிக்கு இன்னொரு மாநிலத்துக்குப் போகவேண்டியிருந்தது அவர்களுக்கு.

வீடு திரும்பும்போது கார்லீன்தான் ஓட்டினாள். மலைகளின் மேல் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. "ஒரு எடத்துல மட்டும் உளறினே. மத்தபடி பரவால்ல," என்றாள். "பெட்டி மேல உக்காந்து என்ன பேசுனீங்க?"

வெண்டல் எல்லாவற்றையும் சொன்னார், டயர் கடை உட்பட. கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். கார்லீன் லாரியைச் சாலையோரப் புல்லில் இறக்கி நிறுத்தினாள்.

"நான் எது சொன்னாலும் 'ம்'னு சொல்றியே. இருபத்திரெண்டு வருஷமா. அதுல எத்தனை புரிஞ்ச 'ம்', எத்தனை புரியாத 'ம்'?"

வெண்டல் பொய் சொல்லப் பார்த்தார். முடியவில்லை. "பாதிக்குப் பாதி இருக்கும்."

"நேத்து காலையில எங்கக்காவைப் பத்திச் சொன்னேனே, அது?"

"முழங்கால் ஆபரேஷன்னு புரிஞ்சுது. அதுக்கு மேல நீ என்ன கேட்டேன்னு புரியல. மறுபடி கேக்க வெக்கமா இருந்துச்சு."

"எங்கிட்ட கேக்கறதுக்கு என்னய்யா வெக்கம்?" என்றவள், எஞ்சினை அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அக்காவின் வீடு மாடி வீடு, ஏறி இறங்க முடியாது, பிள்ளைகள் தூரத்தில், யாரிடமும் உதவி கேட்டுப் பழகாதவள். வெண்டல் நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, அது எப்படி, இது எப்படி என்று கேட்டார். அவள் சொன்னாள். பேசி முடிக்கும்போது எதிரே மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் வேலி ஓரமாகக் கொட்டகைக்குத் திரும்பத் தொடங்கியிருந்தன.

ஆகஸ்டில் கார்லீனின் அக்கா அவர்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். வாசலில் ஏறுவதற்கு வாட்டமாகச் சரிவுப் பலகை அடித்தது வெண்டல்தான். எவ்வளவு சரிவு இருந்தால் வசதி என்று அவளையே நாலு தடவை கேட்டுவிட்டு அடித்தார்.